கராஜுக்குள் ஒரு குட்டி வள்ளம்: ஆணியில்லாமல் தைத்துச் செய்யும் முறை

வள்ளம் என்றதும் மொரட்டுவைத் தச்சரும் பெரிய மரக்குற்றியும் நினைவுக்கு வரும். இரண்டும் வேண்டாம். 8 அடிக்கு 4 அடி, 6 மில்லிமீற்றர் மரைன் பிளைவுட் இரண்டு ஷீட் போதும். பக்கங்களை வளைப்பதால் வள்ளம் ஏழரை அடிதான் வரும். ஒருவர் துடுப்புப் போட அது தாராளம்.

நீர்கொழும்புப் பக்கத்துப் பழைய பாய்வள்ளங்களின் பக்கப்பலகையைத் தும்புக் கயிற்றால்தான் தைத்தார்கள். இங்கே கயிற்றுக்குப் பதில் செப்புக் கம்பியும் எப்பொக்சிப் பசையும். 1963இல் இங்கிலாந்தில் வந்த ‘மிரர் டிங்கி’ என்ற சிறிய பாய்ப்படகு இந்த முறையைப் பிரபலமாக்கியது.

1. பலகை. கொழும்பு பழைய சோனகத் தெருவில் வாங்கும்போது ‘பிஎஸ் 1088’ என்ற, மரைன் பிளைவுட்டுக்கான பிரித்தானியத் தர முத்திரையைப் பாருங்கள். முத்திரையை மட்டும் நம்பாமல் ஒரு துண்டு கேட்டு வாங்கி, வீட்டில் ஒரு மணித்தியாலம் அவியுங்கள். அடுக்குப் பிரிந்தால் அந்தக் கடைப் பலகை வேண்டாம்.

2. வெட்டு. முதலில் பழைய மட்டைப்பெட்டியில் பத்தில் ஒரு பங்கு அளவில் வெட்டி ஒட்டிப் பாருங்கள். பிறகு ஒரு ஷீட்டில் 16 அங்குல அகலத்தில் இரண்டு பக்கங்கள். மிச்சத்தில் முன், பின் பலகைகள். பக்கங்கள் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சேர்த்தே வெட்டுங்கள்.

3. தையல். விளிம்பிலிருந்து 1 சென்ரிமீற்றர் உள்ளே, 15 சென்ரிமீற்றருக்கு ஒரு துளை. பக்கங்களையும் முன், பின் பலகைகளையும் சேர்த்துக் கம்பியைக் கோர்த்து வெளிப்பக்கம் முறுக்குங்கள். நடுவில் ஒரு சட்டம் கொடுத்துப் பக்கங்களை விரித்து, கவிழ்த்து வைத்து, இரண்டாவது ஷீட்டை மேலே போட்டு அடியைக் கோடிழுத்து வெட்டித் தையுங்கள். இப்போது மூலைக்கு மூலை நூல் பிடித்து அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக வரும்வரை பசைப் பேணியைத் திறக்கவே வேண்டாம். பசை காய்ந்தபின் கோணல் கோணல்தான்.

4. எப்பொக்சி. இது பிசினும் அதை இறுக்கும் ஹார்ட்னரும் கலக்கும் பசை. லேபலில் 2:1 என்றால் 2:1தான். ஹார்ட்னரைக் கூட்டினால் சீக்கிரம் காயாது, கெட்டுத்தான் போகும். நான் ஒரு மத்தியானம் யோகட் கப் நிறையக் கலந்துவிட்டு ஃபோன் பேசப் போனேன். திரும்பி வர கலவையின் சூட்டிலேயே கப் புகைந்து, உருகிக் கோணிக்கொண்டு நின்றது. கொழும்பு வெக்கைக்கு விடிகாலையில், கொஞ்சம் கொஞ்சமாக, அகலத் தட்டில் கலக்குங்கள். கையுறை கட்டாயம்.

மெல்லிய மரத்தூள் சேர்த்து உழுந்துவடை மா பதத்துக்குக் கொண்டுவந்து, கம்பிகளுக்கு இடையே உள்மூலையில் அப்புங்கள். இறுகியதும் கம்பியை இழுத்துவிட்டு மூலை முழுக்க நிரப்பி, கரண்டி முதுகால் இழுத்துவிடுங்கள். அதன்மேல் 3 அங்குல ஃபைபர்கிளாஸ் ரேப் (துணிப்பட்டி). வெளிவிளிம்பை உருட்டித் தேய்த்த பிறகே அங்கே ரேப். கூரான மூலையில் துணி படியாது.

நம் ஈரக் காற்றில் காய்ந்த எப்பொக்சிமேல் மெழுகு மாதிரி ஒன்று படியும். தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவாமல் அடுத்த பூச்சுப் பூசினால் உரிந்து வரும்.

5. மிச்சம். மேல்விளிம்புக்குச் சட்டம், இருக்கை, எப்பொக்சி இரண்டு பூச்சு, பெயின்ற். முன்னும் பின்னும் காற்றுப் புகாத பெட்டி அடையுங்கள், கவிழ்ந்தாலும் மிதக்கும்.

தண்ணீருக்குக் கொண்டுபோக முன், கீழே பழைய பேப்பர் விரித்து உள்ளே நான்கு வாளி தண்ணீர் ஊற்றி ஒரு இரவு விடுங்கள். எனக்குப் பின்மூலைக்குக் கீழே மட்டும் பேப்பர் நனைந்திருந்தது. அதை அடைத்த பிறகுதான், லைஃப் ஜாக்கெற்றோடு, பொல்கொடை ஏரிக்குப் போனோம்.