சான்டா அனா காற்றைக் கணிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தெற்குக் கலிபோர்னியாவில் காற்று வழக்கமாகக் கடலிலிருந்து கரைக்கு வரும். செப்டம்பர் கடைசியிலிருந்து மே வரை அவ்வப்போது அது எதிர்த்திசையில் திரும்பிவிடும். நெவாடா, யூட்டா மாநிலங்களின் மேட்டுநிலத்தில் குளிர்ந்த கனமான காற்று தேங்கி உயரழுத்தம் உருவாகும். அந்தக் காற்று மலைகளைத் தாண்டியும் கணவாய்களில் புகுந்தும் பசிபிக் கடலை நோக்கி இறங்கும். இதுதான் சான்டா அனா. மட்டக்களப்புப் பக்கம் மலைநாட்டைக் கடந்து இறங்கும் வறண்ட கச்சான் காற்றை அறிந்தவர்களுக்கு இதன் இயல்பு உடனே பிடிபடும். இரண்டும் ஒரே இனம்.

2025 ஜனவரி 7 அன்று லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் பாலிசேட்ஸ் தீ காலையிலும் ஈட்டன் தீ மாலையிலும் பற்றின. இரண்டும் சேர்ந்து 16,000-க்கும் மேற்பட்ட கட்டடங்களை அழித்தன. அந்தக் காற்று யாரையும் ஏமாற்றி வரவில்லை. பல நாள் முன்பே எச்சரிக்கை வெளிவந்திருந்தது. காற்று எவ்வளவு வேகம் என்பதோடு நிற்காமல், அது எங்கே தரையைத் தொடும், எந்த நேரத்தில் தொடும், தொடும் இடத்தில் என்ன காய்ந்து கிடக்கிறது என்று மூன்றையும் சேர்த்துப் பார்த்ததால்தான் அப்படி எச்சரிக்க முடிந்தது. கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றை விட்டுவிடுவதால் வருபவை.

பாலைவனச் சூட்டைத் தேடுவது

மொஹாவி பாலைவனம் சூடாக இருப்பதால் காற்றும் சூடாக வருகிறது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அப்படி நினைப்பவர் பாலைவனம் குளிர்ந்து கிடக்கும் டிசம்பரில் ஆபத்து குறைவு என்று முடிவு கட்டிவிடுவார். உண்மையில் மேட்டுநிலம் எவ்வளவு குளிர்கிறதோ அவ்வளவு அழுத்தம் கூடி, காற்று அவ்வளவு வலுவாகத் தள்ளப்படும். சூடு வழியில்தான் ஏறுகிறது. இறங்கும் காற்று அழுந்தும்போது ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் கூடும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1,500 மீட்டர் உயரத்தில் 5 டிகிரி வெப்பம், பனிப்புள்ளி (காற்றின் ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) மைனஸ் 10 டிகிரி, ஈரப்பதம் சுமார் 33 சதவீதம். கலப்பின்றி இந்தக் காற்று கடல்மட்டம் வரை இறங்கினால் வெப்பம் 20 டிகிரியை நெருங்கும், ஈரப்பதம் 15 சதவீதத்துக்கு விழும். காற்றில் இருந்த நீரின் அளவு மாறவே இல்லை. 20 டிகிரி என்பது இதமான நாள். வெளியே நிற்பவருக்கு ஆபத்தின் அறிகுறி எதுவும் தெரியாது. 2017 டிசம்பர் 4 அன்று தொடங்கிய தாமஸ் தீ சுமார் 2,82,000 ஏக்கரை எரித்ததும் குளிர்காலத்தில்தான்.

ஒரே அழுத்த எண்ணைப் பிடித்துக்கொள்வது

லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தின் அழுத்தத்திலிருந்து மொஹாவியில் உள்ள டாகெட் நிலையத்தின் அழுத்தத்தைக் கழிப்பது கணிப்பாளர்களின் முதல் வேலை. விடை எதிர்மறையானால் காற்று கடலை நோக்கி. மைனஸ் 2 மில்லிபாரை மைனஸ் 6 என்று மாற்றிப் பாருங்கள், நிலைமையே வேறு. பயனுள்ள எண்தான். ஆனால் அது கிழக்கு மேற்காகத் தள்ளும் விசையை மட்டும் சொல்கிறது. வடக்கிலிருந்து வரும் தள்ளலுக்கு பேக்கர்ஸ்ஃபீல்டோடு ஒப்பிட வேண்டும். சான்டா பார்பரா மலைச்சரிவில் மாலை மங்கும் நேரத்தில் இறங்கும் சன்டவுனர் காற்றுக்கு சான்டா பார்பராவிலிருந்து பேக்கர்ஸ்ஃபீல்டுக்கும் சான்டா மரியாவுக்கும் உள்ள வேறுபாடுகள் தேவை. டாகெட் எண் சாதுவாக இருக்கும் நாளிலும் சன்டவுனர் சீறலாம்.

நெவாடாவின் டோனோபா போன்ற உயரமான நிலையத்தை எடுத்துக்கொண்டால் இன்னொரு சிக்கல் வரும். அங்கே அளந்த அழுத்தத்தைக் கடல்மட்டத்துக்கு மாற்றிச் சொல்வது ஒரு கணக்கு மட்டுமே. தரையோரமாக மெல்லிய குளிர்க்காற்று தேங்கியிருந்தால் அந்தக் கணக்கு அழுத்தத்தை மிகைப்படுத்திவிடும். எண் பயமுறுத்தும், காற்றோ அதற்கேற்ப வராது. ஆகவே அழுத்த வேறுபாட்டோடு 850 மில்லிபார் மட்டத்தின் (சுமார் 1,500 மீட்டர் உயரம்) காற்றையும், அங்கே குளிர்க்காற்று நகர்ந்து வருகிறதா என்பதையும் எப்போதும் சேர்த்துப் பாருங்கள். கீழே அழுத்தம் தள்ளி, மேலேயும் அதே திசையில் பலத்த காற்று இருந்தால் நிகழ்வு வலுக்கும். மேலே ஆதரவில்லை என்றால் பெரும்பாலும் கணவாய்களோடு அடங்கிவிடும்.

கணவாய்க் காற்றையும் மலை அலையையும் ஒன்றாக எண்ணுவது

இதில்தான் அதிகம் கவனம் வேண்டும். வழக்கமான சான்டா அனாவுக்குப் பழகிய பாதைகள் உண்டு: கஹோன் கணவாய், பானிங் கணவாய், சான்டா அனா பள்ளத்தாக்கு, சோலெடாட் பள்ளத்தாக்கிலிருந்து சான்டா கிளாரா ஆற்றோரமாக வென்சுரா வரை. பல ஆண்டு இதைப் பார்த்தவர் மனதில் இந்த வரைபடம் பதிந்துபோய், கணவாய்க்கு நேரே இல்லாத ஊர்களைக் கை தானாகவே விட்டுவிடும்.

2025 ஜனவரியில் நடந்தது வேறு வகை, மலை அலை. மேல்மட்டத் தாழ்வழுத்தம் ஒன்று தெற்கே பாஹா கலிபோர்னியா பக்கம் நகர, மலைமுகடுகளுக்கு மேல் வடக்கு, வடகிழக்குக் காற்று பலமாக வீசியது. சான் கேப்ரியல் மலைத்தொடரை அது ஏறக்குறைய செங்குத்தாகக் கடந்தது. இப்படிக் கடக்கும் காற்றுக்கு மேலே, முகட்டை ஒட்டிய உயரத்தில், மேலே போகப் போக வெப்பம் கூடும் தலைகீழ் அடுக்கு ஒன்று இருந்தால் அது மூடிபோல் அமுக்கும். மதகைத் தாண்டும் நீர் சரிவில் மெல்லிதாகி வேகமெடுப்பதுபோல் காற்றும் மலையின் கடல்பக்கச் சரிவில் வேகமெடுத்து இறங்கும். மதகுக்குக் கீழே நீர் திடீரென்று துள்ளி எழும் இடம் ஒன்று இருக்குமே, காற்றுக்கும் அப்படி ஓர் இடம் உண்டு. அதற்கு இந்தப் பக்கம் வீட்டுக்கூரை பெயரும், அந்தப் பக்கம் சில கிலோமீட்டரில் இலை அசையாது. வழக்கமான பாதைகளில் இல்லாத, மலையடிவாரத்து ஆல்டடீனா அன்று சிக்கியது இப்படித்தான்.

இதைப் பிடிக்க நான்கு சோதனைகள் போதும். முகட்டு உயரத்தில் காற்று மலைத்தொடருக்குக் குறுக்காக வீசுகிறதா? அங்கே வேகம் 40 நாட்டுக்கு (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) மேல் இருக்கிறதா? தலைகீழ் அடுக்கு முகட்டுக்குச் சற்று மேலே இருக்கிறதா? இன்னும் மேலே போனால் காற்று தளர்கிறதா, திசை திரும்புகிறதா? நான்குக்கும் ஆம் என்றால் பழகிய வரைபடத்தை ஒதுக்கிவிட்டு அடிவார ஊர்கள் அனைத்தையும் கணிப்பில் சேர்க்க வேண்டும்.

கணினி மாதிரியைத் தேர்வதிலும் இங்கே தவறு நேரும். 13 கிலோமீட்டர் கட்டங்கொண்ட உலகளாவிய மாதிரி ஐந்தாறு நாள் முன்பே நிகழ்வு வருகிறது என்று காட்டிவிடும். ஆனால் அதில் சான் கேப்ரியல் மலை உருட்டித் தேய்த்த மேடாகத்தான் இருக்கும், கஹோன் கணவாய் சரியாகத் தெரியாது. 3 கிலோமீட்டர் மாதிரியில் முகடு தெரியும். துள்ளல் இடத்தைத் தேட 1 கிலோமீட்டர் அளவில் இயக்க வேண்டும். அப்போதும் அது விழும் இடத்தை ஒரு கோடாக எடுத்துக்கொள்ளாமல், அடுத்தடுத்த ஓட்டங்களில் அது எவ்வளவு நகர்கிறது என்று பார்த்து ஒரு பட்டையாகச் சொல்வதே நேர்மையான கணிப்பு.

மாலை 4 மணி வரைபடம்

அமெரிக்க மேற்குக் கரையின் குளிர்கால நேரப்படி, உலக நேரம் 12 மணி என்பது அங்கே அதிகாலை 4 மணி. 00 மணி என்பது மாலை 4 மணி. பலூன் ஆய்வுகளும் பெரும்பாலான வரைபடங்களும் இந்த இரண்டு வேளைகளுக்கே கிடைக்கின்றன. சான்டா அனா பொதுவாகப் பின்னிரவிலிருந்து முற்பகல் வரை உச்சத்தில் இருக்கும். பிற்பகலில் நிலம் சூடேறி, கடற்காற்று எதிர்த்து, கடலோரத்தில் அது தளரும். எனவே 00 மணி வரைபடத்தை மட்டும் புரட்டுபவர் ஒவ்வொரு நாளும் அதன் பலவீனமான வேளையையே பார்க்கிறார். மணிக்கு மணி விவரத்தை எடுங்கள். நவம்பர் தொடக்கத்தில், பருவத்தின் நடுவே, கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னே வைக்கப்படுவதையும் மறக்காதீர்கள்.

இந்த நாள்-இரவு ஒழுங்கைச் சட்டமாக்குவதும் தவறு. மேல்மட்டக் காற்று ஓட்டும் நிகழ்வு கடிகாரம் பார்க்காது. 2025 ஜனவரி 7 அன்று காற்று மாலையில் இன்னும் வலுத்தது. ஈட்டன் தீ 6 மணிக்குப் பின் பற்றியது, அன்றிரவு தீயணைப்பு விமானங்கள் பறக்க முடியவில்லை.

காற்றுமானி சொல்வதை அப்படியே எடுப்பது

விமான நிலையக் காற்றுமானி 10 மீட்டர் உயரத்தில் நின்று 2 நிமிடச் சராசரி தரும். மலைக்காட்டில் உள்ள தானியங்கி நிலையங்களான ராஸ் 20 அடி, அதாவது சுமார் 6 மீட்டர் உயரத்தில் 10 நிமிடச் சராசரி தரும். மாதிரியின் காற்று 10 மீட்டருக்கானது. உயரம் ஒன்றுக்காகவே, தரையின் கரடுமுரடைப் பொறுத்து, 10 முதல் 20 சதவீத வேறுபாடு வரும். இதைத் திருத்தாமல் ராஸ் எண்ணோடு ஒப்பிட்டு, மாதிரி மிகையாகச் சொல்கிறது என்று குறைப்பவர்கள் உண்டு. அடுத்த நிகழ்வில் அந்தக் குறைப்பு ஆளைக் கொல்லும். மரங்களின் மறைவில் நிற்கும் நிலையத்தில் மாதிரி மிகைப்பதும் முகட்டில் திறந்து நிற்கும் நிலையத்தில் குறைவதும் வழக்கம். ஒவ்வொரு நிலையத்துக்கும் அதன் பழைய நிகழ்வுகளைக் கொண்டு தனித்தனியாகத் திருத்துங்கள்.

சராசரியோடு வீச்சையும், அதாவது சில நொடி திடீரென்று எகிறும் வேகத்தையும், கணிக்க வேண்டும். மின்கம்பியை அறுப்பது வீச்சுதான். சான் டியேகோ கேஸ் அண்ட் எலெக்ட்ரிக் நிறுவனம் 2007 தீக்களுக்குப் பின் அமைத்த 200-க்கும் மேற்பட்ட நிலையங்களில் வீச்சு சராசரியைப் போல் ஏறத்தாழ 1.7 மடங்கு. கணிப்புத் தாளில் அலகையும் எழுதுங்கள்: 1 நாட் என்பது மணிக்கு 1.15 மைல், 1.85 கிலோமீட்டர். 50 நாட்டை 50 மைல் என்று படித்தால் காற்றழுத்த விசையில் கால் பங்கு காணாமல் போகும்.

சருகைப் பார்க்காமல் காற்றை மட்டும் பார்ப்பது

லாஸ் ஏஞ்சலஸ் வானிலை அலுவலகத்தின் ரெட் ஃப்ளாக் (காட்டுத்தீ அபாய) எச்சரிக்கை வரம்பு, ஈரப்பதம் 15 சதவீதம் அல்லது அதற்குக் கீழே, சராசரிக் காற்று 25 மைல் அல்லது அடிக்கடி வரும் வீச்சு 35 மைல், 6 மணி நேரம். வறட்சி 10 சதவீதத்துக்குப் போனால் குறைந்த காற்றும் நீண்ட நேரமும் போதும். அந்த நேர நீளத்தைப் பலர் கவனிப்பதில்லை. சாதாரண இரவில் ஈரப்பதம் மீண்டு, புல்லும் சுள்ளியும் கொஞ்சம் நனையும். சான்டா அனா இரவில் மலைச்சரிவின் நடுப்பகுதியில் அந்த மீட்சியே இருக்காது. அதனால் பகல் ஈரப்பதத்தைவிட இரவின் அதிகபட்ச ஈரப்பதம் அதிகம் சொல்லும். சதவீதம் வெப்பத்தோடு ஏறி இறங்குவதால், உண்மையில் வறண்ட காற்று வந்துவிட்டதா என்று அறிய பனிப்புள்ளியைப் பின்தொடருங்கள்.

அமெரிக்க வனத்துறையும் கூட்டாளிகளும் 2014-இல் வெளியிட்ட சான்டா அனா காட்டுத்தீ அபாயக் குறியீட்டில் காற்றுவேகத்தின் வர்க்கத்தை, வெப்பத்துக்கும் பனிப்புள்ளிக்கும் உள்ள இடைவெளியால் பெருக்குகிறார்கள். 30 மைல் காற்றும் 40 டிகிரி ஃபாரன்ஹீட் இடைவெளியும் 36 புள்ளி தந்தால், 40 மைல் காற்று 64 தரும். வேகக் கணிப்பில் மூன்றில் ஒரு பங்கு பிழை, அபாயத்தில் ஏறத்தாழ இரட்டிப்பு. பிறகு தாவர ஈரத்தையும் அதில் சேர்க்கிறார்கள்.

அந்தத் தாவர ஈரத்தில்தான் வேறுபாடு புதைந்திருக்கிறது. கால் அங்குலத்துக்கும் மெலிந்த புல், சருகு ஒரு மணி நேர அளவில் காய்ந்துவிடும். நேற்று தூறியது என்று இன்று நிம்மதி கொள்ள முடியாது. உயிருள்ள புதர்கள் மெதுவாகவே மாறும். சமீஸ் புதரின் ஈரம் 79 சதவீதத்துக்குக் கீழே போனால் பெருந்தீ வாய்ப்பு தெளிவாக ஏறுகிறது, 60-ஐ நெருங்கினால் மிக மோசம். ஜனவரியில் வழக்கமாக மழை அதை உயர்த்தியிருக்கும். 2024 மே 6 முதல் 2025 ஜனவரித் தீ வரை லாஸ் ஏஞ்சலஸ் நகர மையத்தில் பெய்தது வெறும் 4 மில்லிமீட்டர். அதற்கு முந்தைய இரண்டு மழைக்காலங்கள் செழிப்பானவை என்பதால் எரியவும் நிறைய வளர்ந்திருந்தது. நாட்காட்டியை நம்பி ஜனவரி என்றால் பச்சை என்று வைத்துக்கொண்டவருக்கு அந்த ஆண்டு கணக்கு முற்றிலும் தப்பியது.

காற்று நின்றதும் முடிந்தது என்பது

பள்ளத்தாக்கு நிலையம் நள்ளிரவில் அமைதி காட்டலாம். தரையை ஒட்டிய குளிர்க்காற்று மேலே ஓடும் பலத்த காற்றைத் தரையில் படவிடாமல் பிரித்து வைத்திருக்கும். காலை 8, 9 மணிக்கு வெயில் அந்தப் படலத்தைக் கலைத்ததும் காற்று ஒரேயடியாக இறங்கும். முகட்டு நிலையம் இன்னும் வீசுகிறதா என்று பார்க்காமல் எச்சரிக்கையை இறக்காதீர்கள்.

உண்மையாகவே சான்டா அனா தளரும்போது கடற்காற்று திரும்பும், திசை ஏறக்குறைய நேரெதிராகும். தென்மேற்காக ஓடிய தீயின் நீண்ட பக்கவாட்டு விளிம்பு அப்போது முன்முனையாகிவிடும். பாலிசேட்ஸ் தீ ஜனவரி 10 இரவு மேண்டவில் பள்ளத்தாக்கு, என்சினோ பக்கம் உள்நாட்டை நோக்கிப் பரவியது சான்டா அனா தணிந்திருந்த வேளையில்தான். எனவே கணிப்பின் கடைசி வரியில் காற்று எப்போது குறையும் என்பதோடு, எந்த மணியில், எந்தப் பக்கம் திரும்பும், கடல் ஈரம் எந்த உயரம் வரை ஏறும் என்பதையும் எழுத வேண்டும். களத்தில் கிழக்கு விளிம்பில் குழாயோடு நிற்பவர் முதலில் தேடும் வரி அதுவாக இருக்கும்.