பழைய வீட்டோடு புது அறை சேர்க்கும்போது ஓதம் ஏறாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

எங்கள் வீட்டுக்குப் பின்னால் பத்துக்குப் பன்னிரண்டில் ஓர் அறை இழுத்துக் கட்டினோம். சித்திரையில் வேலை முடிந்தது, வைகாசியில் பெயிண்ட். ஐப்பசி மழை பிடித்து மூன்றாவது வாரம் அந்த அறையில் ஓதம், அதாவது தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரம். புதுச் சுவர்கள் மூன்றும் நன்றாக இருந்தன. முப்பது வருடமாக ஈரமே காணாத பழைய சுவர்தான், தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்குக் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. ஒன்றை நகத்தால் கீறினேன். பெயிண்டுக்கு அடியில் பூசிய பட்டி மாவாக உதிர்ந்தது. அதற்குப் பின்னால் வெள்ளைப் பஞ்சு மாதிரி உப்பு.

பெயிண்ட் சரியில்லை என்றார் மேஸ்திரி. பூச்சு சரியில்லை என்றார் பெயிண்டர். காரணம் இரண்டுமே இல்லை, தரைக்கு அடியில் நாங்கள் கொட்டிய மண். அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மழைக்காலம் ஆனது. உங்களுக்கு ஆக வேண்டாம் என்பதால் வேலை நடக்கும் வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. கடப்பாரையைத் தொடும் முன் பழைய சுவரைச் சோதியுங்கள்

ஒன்றரை அடிச் சதுரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் தாளை வெட்டி, நான்கு ஓரமும் டேப்பால் காற்றுப் புகாமல் சுவரில் ஒட்டுங்கள். ஒரு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. வெளிப்பக்கம் மட்டும் என்றால் அது அறைக் காற்றின் ஈரம்; சன்னலைத் திறந்து வைத்தாலே பாதி தீரும்.

கறையின் உருவமும் துப்புக் கொடுக்கும். தரையிலிருந்து மேலே ஏறி மூன்றடிக்குள் நின்றால் ஓதம். மேலிருந்து இறங்கினால் தளக் கசிவு. சுவரின் நடுவில் வட்டமாக, மழை இல்லாத மாதத்திலும் இருந்தால் உள்ளே ஓடும் குழாயைச் சந்தேகப்படுங்கள்.

2. மண் நிரப்பும் முன் மட்டம் பாருங்கள்

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

செங்கல் தண்ணீரை உறிஞ்சும். நல்ல செங்கல்லே ஒரு நாள் ஊறினால் தன் எடையில் 20 சதவீதம் வரை குடிக்கலாம். மண்ணின் ஈரம் அதன் நுண்துளைகள் வழியே, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல மேலே வரும். அதைத் தடுக்கத்தான் பேஸ்மட்டத்தின் (தரை மட்டம் வரை எழுப்பும் அடிக்கட்டின்) தலையில், சுவர் எழும்பும் இடத்தில், டி.பி.சி. என்ற ஓதத் தடுப்புப் படலம் போடுகிறார்கள். பழைய வீட்டிலும் அது இருக்கலாம்.

நாங்கள் என்ன செய்தோம்? தெரு உயர்ந்துவிட்டது என்று புது அறையின் தரையை ஒரு படி உயர்த்தினோம். அதற்காகக் கொட்டி, தண்ணீர் விட்டு, திம்மிசுக் கட்டையால் இடித்து இறுக்கிய மண், பழைய சுவரின் டி.பி.சி.க்கு மேலே அரை அடி உயரத்துக்குச் சுவரோடு ஒட்டி நின்றது. அதாவது தடுப்பைத் தாண்டி ஓதம் ஏற நாங்களே ஏணி வைத்துக் கொடுத்தோம்.

ஆகவே முதலில் தண்ணீர் டியூப் பிடித்துப் பழைய தரை மட்டத்தைப் புது அறையின் பக்கம் குறியுங்கள். புதுத் தரை அதே மட்டத்தில் அல்லது கீழே வந்தால் நல்லது. கட்டாயம் உயர வேண்டுமென்றால், மண் தொடப்போகும் உயரம் வரை பழைய பூச்சைக் கொத்தி எடுங்கள். ஒரு பங்கு சிமெண்ட்டுக்கு மூன்று பங்கு மணல் கலவையில் வாட்டர்ப்ரூஃபிங் திரவம் சேர்த்து முக்கால் அங்குலம் பூசுங்கள். எவ்வளவு திரவம் என்பது டப்பாவிலேயே இருக்கும்; பெரும்பாலும் 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு 200 மில்லி. அது காய்ந்த பிறகு இரண்டு கை தார்ப் பூச்சு. அதற்கப்புறம்தான் மண். மண்ணுக்கு மேலே தடித்த பாலிதீன் விரிப்பு, அதன் மேல் தரைக் கான்கிரீட்.

புதுச் சுவர்களுக்கும் டி.பி.சி. போடச் சொல்லுங்கள். “சின்ன ரூம்தானே சார், எதுக்கு?” என்பார்கள். அசையாதீர்கள். வெளிமண் எப்போதும் தரை மட்டத்துக்கு ஒன்றரை அடி கீழே இருக்கட்டும். பிற்பாடு பூந்தொட்டி மேடை கட்டுகிறேன் என்று சுவரோரம் மண் குவிக்காதீர்கள்.

3. பழசும் புதுசும் சேரும் இடம்

பழைய அஸ்திவாரம் இறங்க வேண்டிய அளவு எப்போதோ இறங்கிவிட்டது. புதியது இனிமேல்தான் இறங்கும். இரண்டையும் பல் வைத்து (பழைய செங்கல்லுக்குள் புதுச் செங்கல்லைக் கோத்து) கட்டி மேலே பூசிவிட்டால், சேரும் கோட்டில் நேராக ஒரு விரிசல் வரும். கோழி வலை அடித்துப் பூசினால் மயிரிழை விரிசலைத் தாங்கும். அஸ்திவாரம் இறங்குவதை வலை தாங்காது. நான் மறுபடி கட்டினால் இரண்டுக்கும் நடுவில் ஓர் அங்குல தெர்மாகோல் விட்டு, வெளிப்பக்கம் ரப்பர்போல நெளியும் பாலியூரித்தேன் சீலன்ட் அடைத்து, மேலே அலுமினியப் பட்டை போடுவேன். அழகாக இருக்காது. ஒழுகாது.

4. மேலே தளம் சேரும் மூலை

புதுத் தளத்தின் வாட்டம் பழைய சுவரை விட்டு விலகிப் போக வேண்டும். பத்தடிக்கு ஒன்றேகால் அங்குலமாவது சரிவு வேண்டும். தளமும் சுவரும் சேரும் மூலையைக் கூராக விடாமல் கலவையால் உருட்டி விடுங்கள். தளத்தின் வாட்டர்ப்ரூஃபிங் அங்கேயே நிற்காமல் பழைய சுவரில் அரை அடி மேலேறி, சுவரில் வெட்டிய காடிக்குள் முடிய வேண்டும். இல்லாவிட்டால் சுவரில் வழியும் மழை அதன் முதுகுப்பக்கமாக இறங்கிவிடும். பழைய மாடித் தண்ணீர் புதுத் தளத்தின் தலையில் கொட்டினால் குழாய் போட்டுக் கீழே இறக்குங்கள்.

தளத்தின் மேல் தட்டை ஓடு ஒட்டும் முன் பாத்தி கட்டி 48 மணி நேரம் தண்ணீர் நிறுத்துங்கள். அடியில் கறை தெரிந்தால் அப்போதே சரி செய்யலாம். அறையோடு குளியலறை இருந்தால் டைல்ஸ் ஒட்டும் முன் அங்கேயும் இதே சோதனை.

5. காய விடுங்கள்

கடினமான வேலை இதுதான், ஏனென்றால் கிரகப்பிரவேசத் தேதி குறித்திருப்பார்கள். பூசியபின் ஒரு வாரம் தண்ணீர் விடுங்கள். அப்புறம் 28 நாளாவது சும்மா விடுங்கள். பட்டி, பிரைமர், பெயிண்ட் எல்லாம் அதற்குப் பிறகு. சந்தேகமென்றால் அதே பிளாஸ்டிக் தாளை மறுபடி ஒட்டிப் பாருங்கள்.

உப்புப் பூத்த பழைய சுவர் என்றால், ஈரம் தெரியும் கோட்டுக்கு ஓரடி மேல் வரை பூச்சைக் கொத்தி, உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்துத் தள்ளுங்கள். கழுவாதீர்கள், உப்பு கரைந்து மறுபடி செங்கல்லுக்குள்ளேயே போகும். டைல்ஸோ பிளாஸ்டிக் பலகையோ போட்டு மறைக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். மூடிய ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறி, டைல்ஸ் முடியும் இடத்துக்கு மேலே தலைகாட்டும். தாத்தா காலத்துச் சுண்ணாம்புச் சுவராக இருந்தால் சிமெண்ட்டால் பூசவே வேண்டாம். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் அவ்வளவாக விடாது. சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடியுங்கள்.

பெயிண்ட் அடித்தாலும் பழைய சுவரோரம் பீரோவை ஒட்டிப் போடாதீர்கள், முதல் மழைக்காலம் முடியும்வரை நாலு விரல் இடைவெளி இருக்கட்டும். பெரிய மழை விட்ட மறுநாள் டார்ச்சை எடுத்து, சுவரோடு சுவராகப் படுக்கைவாட்டில் ஒளி அடித்துப் பாருங்கள். கொப்புளம் கடுகளவு இருக்கும்போதே நிழல் விழும்.