டீசீரியலைசருக்கு டெஸ்ட் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளியிலிருந்து வரும் ஜேசன் (JSON) போன்ற டேட்டா உரையைப் படித்து ஆப்ஜெக்டாக மாற்றும் கோட்தான் டீசீரியலைசர். புதிதாக வருகிறவர்கள் அதற்கு எழுதும் டெஸ்ட்களை ரிவ்யூ செய்யும்போதெல்லாம், பல வருடங்களுக்கு முன் நான் செய்த அதே தவறுகள்தான் கண்ணில் படுகின்றன. கமா விட்டுப்போவது, ஃபீல்ட் பெயரைத் தப்பாக அடிப்பது எல்லாம் முதல் ரன்னிலேயே தெரிந்துவிடும், அவற்றை விடுங்கள். எல்லா டெஸ்டும் பச்சையாக இருக்கும்போதே தப்பான டேட்டாவை உள்ளே விடுகிற தவறுகள்தான் ஆபத்து.

எழுதி, அதையே திரும்பப் படிப்பது

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. ஒரு ஆப்ஜெக்டை ஜேசனாக மாற்றி, அதையே திரும்பப் படித்து, இரண்டும் சமம் என்று அசர்ட் போடுகிறார்கள். எழுதும் கோடும் படிக்கும் கோடும் ஒத்துப்போகின்றன என்பதை மட்டும்தான் இந்த டெஸ்ட் சொல்லும். இரண்டும் ஒரே மாதிரி தப்பாக இருந்தாலும் ஒத்துத்தான் போகும்.

எனக்கு அப்படித்தான் நடந்தது. நேரம் எபாக் விநாடிகளில் (1970 ஜனவரி 1 முதல் எண்ணும் விநாடிகள்) வரும் என்று எதிர்த்தரப்போடு பேசி வைத்திருந்தோம், நானோ இரண்டு பக்கமும் மில்லிவிநாடி என்று எழுதிவிட்டேன், டெஸ்ட் பாஸ். 1700000000 என்பது 2023 நவம்பர் 14. என் கோட் அதை 1970 ஜனவரி 20 என்று படித்தது. நேரம் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்குவதால் 2023-இன் எல்லாப் பதிவுகளும் அந்த ஒரே நாளில் வந்து விழுந்தன. 1970-உம் சரியான தேதிதான் என்பதால் எர்ரர் எதுவும் வரவில்லை. பழைய பதிவுகளை நீக்கும் ஜாப் இரவில் ஓடி, அத்தனையையும் அழித்துவிட்டது. எல்லாவற்றையும் மறுபடி அனுப்பச் சொல்லி எதிர்த்தரப்பிடம் கேட்க வேண்டியதாயிற்று.

அதனால் உள்ளே வரப்போகும் ஜேசனைக் கையால் எழுதி டெஸ்டிலேயே வையுங்கள். எதிர்த்தரப்பு உண்மையில் அனுப்பிய ஒரு மாதிரி கிடைத்தால், தனிப்பட்ட விவரங்களை நீக்கிவிட்டு அதை ஃபைலாக வைப்பது இன்னும் நல்லது. டெஸ்ட் உடைந்தால் உங்கள் சீரியலைசரை ஓட்டி அந்த ஃபைலைப் புதுப்பிக்காதீர்கள், அப்புறம் பழைய இடத்துக்கே வந்துவிடுவீர்கள்.

டீசீரியலைஸ் மெத்தடை நேரடியாகக் கூப்பிடுவது

ஜாவாவில் ஜேசனைப் படிக்கும் லைப்ரரியான ஜாக்சனில் ஒரு ஃபீல்டின் மதிப்பு நல் (null, அதாவது காலி) என்று வந்தால் உங்கள் டீசீரியலைஸ் மெத்தட் ஓடவே ஓடாது, கெட்நல்வேல்யூ (getNullValue) என்ற வேறு மெத்தட்தான் ஓடும். மெத்தடுக்குள் நல்லுக்கு எழுதிய இஃப் டெஸ்டில் மட்டும்தான் உயிரோடு இருக்கும். உங்கள் டீசீரியலைசர் உள்ள மாட்யூலைப் பதிவு செய்து, ஜேசனைப் படிக்கும் ஜாக்சனின் கிளாஸான ஆப்ஜெக்ட்மேப்பர் வழியாகவே படியுங்கள். அதுவும் நிஜத்தில் ஓடுகிற அதே அமைப்புள்ள மேப்பராக இருக்கட்டும்: ஜாக்சன் 2-இன் வெறும் மேப்பர் தெரியாத ஃபீல்டைக் கண்டால் எர்ரர் கொடுக்கும், ஸ்பிரிங் பூட் ஃபிரேம்வொர்க் தயாரித்துத் தருவது பேசாமல் தாண்டிவிடும்.

பார்சரை மாக் செய்வது

ஜேசனைப் பிரித்துப் படிக்கும் பார்சருக்குப் பதிலாகப் போலி ஒன்றை வைப்பது வேண்டாம். ஒரு வரி ஜேசன் போதும்.

எர்ரர் வந்தாலே பாஸ் என்பது

தப்பான ஜேசனைக் கொடுக்கும் டெஸ்டில், எந்த எர்ரர், எந்த ஃபீல்டில் என்பதையும் பாருங்கள்.

சின்ன எண்களை மட்டும் கொடுப்பது

9007199254740993-ஐப் போட்டுப் பாருங்கள். வழியில் எங்காவது அது டபுள் (இவ்வளவு பெரிய முழு எண்களை எப்போதும் துல்லியமாக வைக்க முடியாத எண் வகை) ஆகியிருந்தால் கடைசி 3, 2 ஆகியிருக்கும்.