ரஃபிளைத் திட்டும் முன்

மொரீஷியஸில் ரோஸ் ஹில்லில் நடக்கும் எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஒரு பழைய சிடி உண்டு. 'அ'வைத் தொட்டால் அணில் ஓடும். வீட்டில் கிரியோல் பேசும் பிள்ளைகளுக்குப் புத்தகத்தைவிட அந்த அணிலைத்தான் பிடிக்கும். அதை ஓட்டியது ஃபிளாஷ் என்ற மென்பொருள். 2020 டிசம்பரோடு அடோபி நிறுவனம் ஃபிளாஷைக் கைவிட்டது. 2021 ஜனவரி 12 முதல் ஃபிளாஷ் பிளேயரே படங்களை ஓட்ட மறுத்தது. அணிலும் நின்றுவிட்டது.

ரஃபிள் என்ற திறந்த மூல பிளேயரால் அதை மறுபடி ஓட வைத்தோம். அதற்குள் நான் செய்யாத தவறில்லை.

முதலில் 'ஃபிளாஷ் பிளேயர் இலவசம்' என்று இணையத்தில் தேடினேன். அந்தப் பெயரில் வைரஸ் ஒளிந்து வருவது பழைய கதை. ரஃபிளுக்கு அடோபியின் பிளேயர் தேவையே இல்லை. அது ரஸ்ட் என்ற நிரல்மொழியில் புதிதாக எழுதப்பட்டது.

அப்புறம், சிடியிலிருந்து ஒரே ஒரு எஸ்டபிள்யூஎஃப் கோப்பை, அதாவது ஃபிளாஷ் படக் கோப்பை, மட்டும் நகலெடுத்தேன். படம் வந்தது, சத்தம் வரவில்லை. ரஃபிளைத் திட்டினேன். பாவம், அந்தக் கோப்பு வெறும் வாசல்தான். பாட்டு, பாடம், எக்ஸ்எம்எல் என்ற தகவல் கோப்புகள் எல்லாம் பக்கத்து ஃபோல்டர்களில் இருந்தன. முழு சிடியையும் அடுக்கு மாறாமல் நகலெடுங்கள். தளத்தில் ஏற்றுவதானால் கோப்புப் பெயரில் பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா என்றும் பாருங்கள். விண்டோஸ் கண்டுகொள்ளாது, லினக்ஸ் சர்வர் விடாது. எனக்கு இரண்டு மாலைகள் இதிலேயே போயின.

சிடியில் உள்ள எச்டிஎம்எல் பக்கத்தை டபுள் கிளிக் செய்து பார்ப்பது பெரும்பாலும் வீண். கணினியிலிருந்தே திறக்கும் பக்கங்களுக்கு பிரவுசர் ஏகப்பட்ட தடை போடும். வகுப்பறைக்கு ரஃபிளின் டெஸ்க்டாப் செயலி போதும்.

டிசிஆர் என்று முடியும் ஷாக்வேவ் டைரக்டர் கோப்புகளோடு மல்லுக்கட்டாதீர்கள். அவை ஃபிளாஷ் அல்ல, ரஃபிளில் ஓடாது. ஃபிளாஷின் நிரல்மொழியான ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3-இல் எழுதியவை வேறு கதை. பழைய 1, 2 நன்றாகவே ஓடுகின்றன. 3-க்கான வேலை இன்னும் நடக்கிறது. இன்று அடம்பிடிக்கும் கோப்பைத் தூக்கி எறியாமல், சில மாதம் கழித்துப் புதிய பதிப்பில் போட்டுப் பாருங்கள்.

'அம்மா' வரவேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் வருகிறதா? அது நம் எழுத்துருச் சிக்கல். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழை உட்கார வைத்தவை. எழுத்துரு கோப்புக்குள்ளேயே பொதிந்திருந்தால் சரி. இல்லையென்றால் கணினியில் நிறுவ வேண்டும். சிடியின் ஏதாவது மூலையில் தேடிப் பாருங்கள். எங்களுக்கு அங்கேதான் கிடைத்தது.