கல்லூரிகளில் பயிலும் மாற்றுத்திறனாளி மாணவர்கள்: புள்ளிவிவரங்களைத் தேடிப் பெறும் முறை

அமெரிக்காவில் இளநிலைப் பட்டப்படிப்பு பயில்வோரில் 21 விழுக்காட்டினர், தமக்கு ஏதேனும் ஒரு குறைபாடு உண்டு என்று 2019-20ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தெரிவித்தனர். இந்தியாவில் 2020-21ஆம் ஆண்டில் உயர்கல்வியில் இருந்த ஏறத்தாழ 4.14 கோடி மாணவர்களில் மாற்றுத்திறனாளிகளாகப் பதிவானவர்கள் 79,035 பேர். அதாவது ஆயிரத்துக்கு இரண்டு பேர் என்ற அளவைக்கூட அந்த எண்ணிக்கை எட்டவில்லை. இவ்வளவு பெரிய இடைவெளி மக்களின் உடல்நல வேறுபாட்டால் மட்டும் வந்திருக்க முடியாது. முதல் எண் மாணவரிடமே கேட்டுப் பெறப்பட்டது; இரண்டாவது எண், கல்லூரிகள் தம் பதிவேட்டைப் பார்த்து அனுப்பியது. ஆகவே புள்ளிவிவரம் தேடுபவர் எந்த எண்ணைக் கண்டாலும், அது யாரிடம், எந்தச் சொற்களில் கேட்டுப் பெறப்பட்டது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

தேடலுக்கு முன் உங்கள் கேள்வியை ஒரே வாக்கியமாக எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள், எத்தனை பேருக்குத் தேர்வில் கூடுதல் நேரமோ சொல்வதை எழுதுபவரோ கிடைத்தார்கள் என்பவை மூன்று வெவ்வேறு கேள்விகள். சேர்க்கை எண்ணிக்கை எளிதில் கிடைக்கும். மற்ற இரண்டுக்கும் கூடுதல் உழைப்பு வேண்டும்.

இந்தியாவைப் பற்றித் தேடுபவர் கல்வி அமைச்சகத்தின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பிலிருந்து தொடங்கலாம். 2010-11ஆம் ஆண்டு முதலான தரவுகள் அதில் உள்ளன. அறிக்கையின் முன்பகுதியிலுள்ள சுருக்கத்தோடு நின்றுவிடாமல் பின்னிணைப்பு அட்டவணைகளுக்குச் செல்ல வேண்டும். 2019-20இல் 92,831ஆக இருந்த எண்ணிக்கை மறு ஆண்டில் 79,035ஆகக் குறைந்து, 2021-22இல் 88,748ஆக உயர்ந்தது. இந்தச் சரிவுக்குக் கொரோனாவைக் காரணம் காட்டத் தோன்றும். ஆனால் தரவுகளை முழுக்க முழுக்க இணையப் படிவத்தின் வழியாகத் திரட்டும் முறை அறிமுகமானதும் அதே 2020-21இல்தான் என்பதால், எந்தக் காரணத்தின் பங்கு எவ்வளவு என்பதை இந்த எண்களை மட்டும் கொண்டு முடிவுசெய்ய இயலாது. மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டமும் இடையில் மாறியிருக்கிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை ஏற்றது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை 21ஆக விரிவாக்கியதோடு, அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 விழுக்காட்டு இடங்களை ஒதுக்கவும் சொல்கிறது. பழைய ஆண்டையும் புதிய ஆண்டையும் ஒரே கோட்டில் வரையும்போது இந்த மாற்றத்தைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும்.

அமெரிக்கத் தரவுகளைத் தேசியக் கல்விப் புள்ளிவிவர மையம் வெளியிடுகிறது. மேலே சொன்ன 21 விழுக்காடு, மாணவர் நிதியுதவி குறித்து அம்மையம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நடத்தும் மாதிரிக் கணக்கெடுப்பிலிருந்து வந்தது. தனித்தனிக் கல்லூரிகளின் நிலை வேண்டுமென்றால், அதே மையத்தின் ‘ஐபெட்ஸ்’ தொகுப்பைப் பார்க்கலாம். ஆனால் அதில், மாற்றுத்திறனாளி சேவை அலுவலகத்தில் முறையாகப் பதிந்துகொண்ட இளநிலை மாணவர்கள் மட்டுமே இடம்பெறுகிறார்கள். அந்த விகிதம் 3 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால்தான் சரியான எண் தரப்படும், மற்றவற்றுக்கு ‘3 விழுக்காடு அல்லது அதற்கும் குறைவு’ என்ற குறிப்பே இருக்கும். தம் குறைபாட்டைக் கல்லூரியிடம் தெரிவித்தவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே என்று 2022இல் அம்மையமே வெளியிட்டது. உதவி கிடைக்காமற்போன மாணவர்கள் பெரும்பாலும் இந்தச் சொல்லாத கூட்டத்தில்தான் இருப்பார்கள் என்பது என் எண்ணம். அதனால் அலுவலகப் பதிவை மொத்த எண்ணிக்கையாக எடுத்துக்கொள்வது அவர்களை இரண்டாம் முறை மறைப்பதாகும்.

பிரிட்டனுக்கு ‘ஹெசா’ என்ற உயர்கல்விப் புள்ளிவிவர அமைப்பின் அட்டவணைகள் உள்ளன. அங்கு மாணவர் தாமாகத் தெரிவித்ததே கணக்கில் வரும். தனிநபர் அடையாளம் வெளிப்படாதிருக்க எண்கள் ஐந்தின் மடங்குகளாக முழுமையாக்கப்படுகின்றன. கூட்டுத்தொகை சற்றுப் பிசகினால் அதை அச்சுப்பிழை என்று கருத வேண்டாம்.

தேடுசொற்களும் நாட்டுக்கு நாடு வேறுபடும். அமெரிக்க ஆவணங்களில் ‘ஸ்டூடண்ட்ஸ் வித் டிசபிலிட்டீஸ்’ என்றும், பிரிட்டனில் ‘டிசேபிள்ட் ஸ்டூடண்ட்ஸ்’ என்றும், இந்திய அறிக்கைகளில் ‘பி.டபிள்யூ.டி.’ (‘பெர்சன்ஸ் வித் டிசபிலிட்டீஸ்’ என்பதன் சுருக்கம்) அல்லது மாற்றுத்திறனாளிகளைக் குறிக்கும் இந்திச் சொல்லான ‘திவ்யாங்ஜன்’ என்றும் தேடினால் பலன் கிடைக்கும்.

நாடுகளை ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால், வாஷிங்டன் குழுவின் கேள்விகளைப் பயன்படுத்திய கணக்கெடுப்புகளைத் தேடுங்கள். ஐ.நா. புள்ளியியல் ஆணையத்தின் கீழ் 2001இல் அமைந்த இக்குழுவின் குறுந்தொகுப்பு, பார்த்தல், கேட்டல், நடத்தல், நினைவில் கொள்ளுதல், தன்னைப் பராமரித்தல், பிறரோடு தொடர்புகொள்ளுதல் ஆகிய ஆறில் எவ்வளவு சிரமம் உள்ளது என்று மட்டும் கேட்கிறது. ‘குறைபாடு’ என்ற சொல்லே கேள்விகளில் வராது. சொல்லக் கூச்சப்படுபவரும் பதில் அளிக்க இது இடம் தருகிறது. ஆயினும் மனச்சோர்வு, பதற்றம் போன்றவை இந்த ஆறில் அடங்குவதில்லை. கல்லூரி மாணவர்களைப் பொறுத்தவரை இது சிறிய குறை அன்று.

எண்ணைக் குறித்துக்கொள்ளும்போது கல்வியாண்டு, கேள்வியின் சொற்கள், வகுக்கும் எண் ஆகிய மூன்றையும் உடன் எழுதுங்கள். மூன்றாவதில்தான் அதிகம் தவறு நேர்கிறது. மொத்த மாணவர்களில் இத்தனை விழுக்காடு என்பதும், கல்லூரி வயதிலுள்ள மாற்றுத்திறனாளிகளில் இத்தனை விழுக்காட்டினர் கல்லூரியில் உள்ளனர் என்பதும் முற்றிலும் வேறானவை. இரண்டாவதைக் கணக்கிட மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தேவைப்படும். இந்தியாவின் 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு 2.68 கோடி மாற்றுத்திறனாளிகளைப் பதிவுசெய்தது. ஆனால் அது பழைய வகைப்பாட்டைச் சார்ந்தது என்பதால், புதிய சேர்க்கை எண்களோடு நேரடியாக வகுக்கக் கூடாது.

வெளியான அட்டவணைகளில் கிடைக்காததை நிறுவனத்திடமே எழுதிக் கேட்கலாம். இந்தியாவில் அரசு நிறுவனமாயின் 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம். பெயர்ப் பட்டியலைக் கேட்காமல், ஆண்டுவாரியாகச் சேர்ந்தோர், இடைநின்றோர், தேறியோர் ஆகியோரின் மொத்த எண்ணிக்கையை மட்டும் கேளுங்கள். ஒரு துறையில் ஓரிருவர் மட்டுமே இருந்தால், எண்ணே அவர்களை அடையாளம் காட்டிவிடும். அத்தகைய துறைகளை ஒன்றாகச் சேர்த்துத் தருமாறு விண்ணப்பத்திலேயே எழுதிவிடுவது நல்லது.