பழைய பிக்கப்பா, புதிய பிக்கப்பா? எஞ்சின் இழுவையை ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

பிக்கப் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை ஹெச்பி?" என்றுதான். லோடு வண்டிக்கு அந்த எண் மட்டும் போதாது. எந்த ஆர்.பி.எம்.மில் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) எவ்வளவு டார்க் (சுழற்றும் முறுக்கு விசை) கிடைக்கிறது, நீங்கள் ஓட்டும் ரோட்டில் எஞ்சின் பெரும்பாலும் எந்த ஆர்.பி.எம்.மில் சுற்றுகிறது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

மஹிந்திரா பொலிரோ பிக்கப்பையே எடுத்துக்கொள்வோம். பி.எஸ்.4, பி.எஸ்.6 என்பவை பழைய, புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிகள். இரண்டு வண்டியிலும் இருப்பது அதே 2,523 சி.சி., நான்கு சிலிண்டர் டர்போ டீசல் (டர்போ என்பது காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி). பழையது 3,200 ஆர்.பி.எம்.மில் 63 ஹெச்பி, 1,400 முதல் 2,200 வரை 195 என்.எம். டார்க். புதியது அதே 3,200-இல் 75 ஹெச்பி, அதே 1,400 முதல் 2,200 வரை 200 என்.எம். மாடலுக்கு மாடல் இந்த எண்கள் மாறும் என்பதால், நீங்கள் பார்க்கும் வண்டியின் விவரத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

கணக்கு எளியது. டார்க்கை ஆர்.பி.எம்.மால் பெருக்கி 7,121-ஆல் வகுத்தால் ஹெச்பி வரும். 2,200 ஆர்.பி.எம்.மில் பழைய எஞ்சின் தருவது சுமார் 60 ஹெச்பி, புதியது சுமார் 62. வித்தியாசம் இரண்டுதான்! விளம்பரத்தில் தெரியும் அந்தக் கூடுதல் 12 ஹெச்பியில் பெரும்பகுதி 2,200-க்கு மேல்தான் இருக்கிறது. பழைய எஞ்சினை 2,200-இலிருந்து 3,200 வரை மிதித்தாலும் சக்தி 3 ஹெச்பிதான் கூடும், புதியதில் 13 கூடும். ஊருக்குள் 2,000-ஐத் தாண்டாமல் லோடு இறக்கி ஏற்றுகிறவருக்கு இரண்டு வண்டியும் கிட்டத்தட்ட ஒன்றே. நெடுஞ்சாலையில் லாரியைத் தாண்டுகிறவருக்குத்தான் புதியதன் பலன் தெரியும்.

மலை ஏற்றத்தில்? லோடோடு 3 டன் இருக்கும் வண்டி பத்துக்கு ஒன்று சரிவில் ஏறுவதற்கு, எடையும் டயர் உருளலும் சேர்ந்து ஏறத்தாழ 3,400 நியூட்டன் விசை தேவை. கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் இழப்பை 15 சதவீதம் என்று வைத்து, காற்றுத் தடையையும் சேர்த்தால், 63 ஹெச்பி வண்டி மணிக்குச் சுமார் 40 கி.மீ. வேகத்தைத் தக்கவைக்கும், 75 ஹெச்பி வண்டி 47-ஐ. ஆனால் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலையில் 70. வளைவில் வண்டி முதல் அல்லது இரண்டாவது கியரில், 1,200 முதல் 1,500 ஆர்.பி.எம்.மில் ஊர்கிறது. அந்த இடத்தில் இரண்டு எஞ்சினும் சமம். இடையில் வரும் நேர்ப்பாதையில்தான் புதியது முந்தும். அதனால் மலைக்கு வண்டி பார்க்கும்போது 1,500-க்குக் கீழே எஞ்சின் எப்படி இழுக்கிறது என்பதற்கே நான் முதல் மதிப்பெண் கொடுப்பேன்.

டர்போ இல்லாத பழைய வண்டிகளின் கதை வேறு. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட சுமார் 20 சதவீதம் குறைவு, சக்தியும் ஏறக்குறைய அதே அளவு குறையும். 2005-இல் வந்த டாடா ஏஸின் 702 சி.சி. இரட்டை சிலிண்டர் எஞ்சினுக்கு இருந்ததே 16 ஹெச்பி, மேலே போனால் 13 அளவில்தான் நிற்கும். டர்போ வண்டி இந்த இழப்பைப் பெருமளவு ஈடுகட்டிவிடும்.

ஓட்டிப் பார்க்கும் முன் பழைய வண்டியைச் சரியான நிலைக்குக் கொண்டுவருவது அவசியம். அடைத்த ஏர் ஃபில்டர், பழைய டீசல் ஃபில்டர், விரிசல் விட்ட டர்போ ஹோஸ் இவை மூன்றும் இழுவையைத் தின்றுவிடும். பழி எஞ்சின் மீது விழும். ஹோஸ் கசிந்தால் மிதிக்கும்போது விசில் போன்ற சத்தமும் கரும்புகையும் வரும். மெக்கானிக்கல் பம்ப் (கணினி இல்லாத பழைய டீசல் பம்ப்) வண்டியானால் பம்ப் கேலிப்ரேஷனையும் டீசலைத் தெளிக்கும் நாசிலின் அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சின் சூடான பிறகு ஆயில் மூடியைத் திறந்துவிட்டுப் பாருங்கள். புகை தள்ளிக்கொண்டு வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. அந்த வண்டியை ஒப்பீட்டுக்கே எடுக்க வேண்டாம்.

டயர் அளவையும் டிஃபரன்ஷியல் விகிதத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். டயர் விட்டம் 4 சதவீதம் கூடினால் சக்கரத்தில் கிடைக்கும் இழுவை 4 சதவீதம் குறையும். எஞ்சின் சோதனை என்று நினைத்து டயரைச் சோதித்துவிடக் கூடாது.

இனி ரோட்டுக்கு. இரண்டு வண்டியிலும் ஒரே எடை, ஒரே காற்றழுத்தம், ஒரே சாலை. வெற்று வண்டியை ஓட்டிப் பார்ப்பதால் பயனில்லை, பாதி லோடாவது ஏற்றுங்கள். முதல் கியரில் ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் கிளட்சை மெதுவாக விடுங்கள். காமன் ரயில் (கணினி கட்டுப்படுத்தும் டீசல் தெளிப்பு) வண்டியில் ஐடிலிங் விழப் பார்க்கும்போது இ.சி.யூ. என்ற எஞ்சின் கணினி தானே டீசலைக் கூட்டி எஞ்சினைத் தாங்கும். மெக்கானிக்கல் பம்ப்பில் கவர்னர் என்ற வேகக் கட்டுப்பாட்டு அமைப்பு அந்த வேலையைச் செய்யும், ஆனால் மெதுவாக. அடுத்து இரண்டாவது கியரில் 1,100 ஆர்.பி.எம்.மில் இருந்து மிதித்து, உதறல் எப்போது நிற்கிறது, டர்போ எப்போது பிடிக்கிறது என்று கவனியுங்கள். பிறகு மூன்றாவது கியரில் 20-இலிருந்து 50 கி.மீ. வேகத்தைத் தொட எத்தனை நொடி என்று பக்கத்தில் இருப்பவர் மொபைலில் அளக்கட்டும். போகும்போது மூன்று முறை, வரும்போது மூன்று முறை அளந்து சராசரி எடுத்தால் காற்றும் மேடும் கழிந்துபோகும்.

இறக்கத்திலும் பாருங்கள். சிறிய எஞ்சினில் டர்போ வைத்து ஹெச்பியைக் கூட்டிவிடலாம், ஆனால் எஞ்சின் பிரேக்கிங் பெரும்பாலும் சி.சி.யையும் கியரையும் பொறுத்தது. 1.5 லிட்டர் வண்டிக்கு மாறுகிறவர் 2.5 லிட்டரில் இறங்கிய அதே கியரில் இறங்கினால் பிரேக் சூடாகிவிடும். ஒரு கியர் குறைத்து இறங்க வேண்டும். இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

புதிய எஞ்சினின் பலவீனம் இழுவையில் இல்லை, சுத்தத்தில் இருக்கிறது. 2020 ஏப்ரல் 1 முதல் விற்கப்படும் பி.எஸ்.6 டீசல்களில் பெரும்பாலானவற்றில் டி.பி.எஃப். என்ற கரி வடிகட்டி உண்டு. பிடித்த கரியை எரிக்க அதற்குச் சுமார் 600 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். கடைக்குக் கடை நின்று போகும் வண்டியில் அந்தச் சூடு ஏறுவதே இல்லை. டேஷ்போர்டில் விளக்கு எரிந்தால், வண்டியின் கையேடு வேறு சொல்லாதபட்சத்தில், 2,000 ஆர்.பி.எம்.முக்கு மேல் 20 நிமிடமாவது நிறுத்தாமல் ஓட்டுங்கள். கரி எரியும்போது எஞ்சினைப் பாதியில் அடிக்கடி அணைத்தால் எரியாத டீசல் ஆயிலில் கலந்து, டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறும். அப்படி ஏறினால் ஆயிலை உடனே மாற்ற வேண்டும். சாதாரண ஆயில் ஊற்றினால் சாம்பல் வடிகட்டியில் தங்கிவிடும். கையேடு சொல்லும் குறைந்த சாம்பல் ஆயிலே வேண்டும்.

ஓடிக்கொண்டிருந்த வண்டி திடீரென்று இழுக்காமல் போனால், இ.சி.யூ. பாதுகாப்புக்காகச் சக்தியைக் குறைத்திருக்கலாம். இ.ஜி.ஆர். வால்வில் (புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பும் வால்வு) கரி, டர்போவின் காற்றழுத்தத்தை அளக்கும் பூஸ்ட் சென்சாரில் அழுக்கு, அடைத்த டி.பி.எஃப். ஆகியவையே வழக்கமான காரணங்கள். புகையைச் சுத்தப்படுத்த யூரியாக் கரைசல் ஊற்றும் வண்டியில் அது தீர்ந்துபோனாலும் இதே நிலைதான். இ.சி.யூ.வில் பதிவான கோளாறைப் படிக்கும் ஸ்கேனர் போடாமல் எந்தப் பாகத்தையும் மாற்ற விடாதீர்கள். நாசில் மீது சந்தேகம் வந்தால் ரிட்டர்ன் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள்: நான்கு நாசிலின் ரிட்டர்ன் குழாய்க்கும் (மிஞ்சிய டீசல் திரும்பும் குழாய்) ஒவ்வொரு பாட்டில் வைத்து எஞ்சினை ஓட்டினால், எந்தப் பாட்டில் மற்றவற்றைவிட வேகமாக நிறைகிறதோ அந்த நாசில்தான் தேய்ந்தது. டீசலில் தண்ணீர் கலந்தால் நான்கும் போய்விடும், அதனால் டீசல் ஃபில்டரின் அடியில் சேரும் தண்ணீரைத் தவறாமல் வடித்துவிடுங்கள்.

நாள் முழுக்க ஊருக்குள்ளேயே சுற்றும் வண்டிக்கு நல்ல நிலையில் உள்ள பி.எஸ்.4 போதும், புதியதுதான் வேண்டுமென்றால் டி.பி.எஃப். இல்லாத பெட்ரோல் அல்லது சி.என்.ஜி. பிக்கப்பைப் பாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து வெளியூர் சந்தைகளுக்குக் காய்கறி ஏற்றி நெடுஞ்சாலையில் ஓடுகிறவர் பி.எஸ்.6 டீசலையே எடுக்கலாம். அந்தக் கூடுதல் 12 ஹெச்பியும் பயன்படும், டி.பி.எஃப்.பும் ஓட்டத்திலேயே சுத்தமாகிவிடும்.