கிராஃபிக்ஸ் கார்டை இப்போது மாற்றலாமா, பொறுக்கலாமா: மலையகத்தில் காசு வீணாகும் இடங்கள்

கேம் திணறினால் உடனே கார்ட் மேல் பழியைப் போடுவதுதான் நான் அதிகம் பார்க்கிற தவறு, காசும் அங்கேதான் அதிகம் போகிறது. ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் வீடுகளில் இருக்கும் கணினிகளில் நிறைய, கொழும்பு ஒபிஸ்களில் உழைத்து முடித்துவிட்டு வந்த டெல், எச்பி பெட்டிகள். உள்ளே மூன்றாம் அல்லது நான்காம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், அதுவும் ஒற்றைக் குச்சியாக. இந்தப் பெட்டிக்குள் எவ்வளவு விலைக் கார்டைச் செருகினாலும் வலோரண்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2 மாதிரி புரொசசரை நம்பி ஓடுகிற கேம்களில் பெரிய மாற்றம் வராது.

வாங்குவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள், செலவே இல்லை. வழக்கமாக 1080-இல் விளையாடுகிற கேமை 720-க்கு இறக்கி, கிராஃபிக்ஸ் அமைப்புகளையும் குறைத்துவிட்டு அதே இடத்தில் கொஞ்ச நேரம் ஓடிப் பாருங்கள். எஃப்பிஎஸ், அதாவது ஒரு வினாடிக்கு எத்தனை படம் வருகிறது என்ற எண், நன்றாக ஏறினால் கார்டுதான் இழுபடுகிறது. அப்படியே நின்றால் புரொசசரோ ரேமோ தான் காரணம், அங்கே கார்டை மாற்றி ஒரு பயனும் இல்லை. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் இலவசம், அதைத் திரையின் மூலையில் ஓடவிட்டால் கார்ட் எத்தனை சதவீதம் வேலை செய்கிறது என்று அதுவே காட்டும். ஒற்றைக் குச்சி ரேம் என்றால் முதலில் இன்னொன்றைப் போட்டு இரண்டாக்கிப் பாருங்கள். சில பேருக்கு அதோடு பிரச்சினை முடிந்துவிடும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இது சின்னக் காசு இல்லை. 2023-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060-க்கும் 2025-இல் வந்த 5060-க்கும் கம்பெனி அறிவித்த விலை 299 டொலர். டொலரை 300 ரூபாய் என்று வைத்தாலே 90,000 ரூபாய், அதன் மேல் 18 சதவீத வற் வரி, இறக்குமதி செய்தவரின் லாபம், கடைக்காரரின் லாபம். 2024-இல் தோட்டத் தொழிலாளருக்கு நிர்ணயித்த 1350 ரூபாய் அடிப்படை நாட்சம்பளத்தில் கணக்குப் பார்த்தால் அந்த 90,000 மட்டுமே 66 நாள் கொழுந்துக்கு மேல். வீட்டில் அம்மா மலைக்குப் போய்க் கொண்டுவருகிற காசில் ஒரு கார்ட் வாங்குகிறோம் என்றால் அது சரியான கார்டாக இருந்தே ஆக வேண்டும்.

அடுத்தது பவர் சப்ளை. நம் பக்கத்தில் இதுதான் கார்டைவிட முக்கியம், ஆனால் யாரும் கேட்பதில்லை. கேசிங்கோடு சும்மா வருகிற பவர் சப்ளையில் 450 வாட், 500 வாட் என்று பெரிதாக ஸ்டிக்கர் இருக்கும். அதை நம்பாமல் லேபலில் 12 வோல்ட் என்று போட்ட இடத்தில் எத்தனை அம்பியர் என்று பாருங்கள். 18 அம்பியர் என்றால் 12-ஆல் பெருக்கி 216 வாட், கார்டுக்கும் புரொசசருக்கும் சேர்த்து அவ்வளவுதான். ஆர்டிஎக்ஸ் 3060 மட்டுமே 170 வாட் இழுக்கும், ஆர்எக்ஸ் 580 அதைவிடக் கூட. சின்ன ஒபிஸ் பெட்டிகளில் கார்டுக்குத் தனி பவர் வயரே இருக்காது. அதற்கென்று ஹார்ட் டிஸ்க்குக்குப் போகிற சாட்டா வயரை, கார்ட் கேட்கிற 6 பின்னாக மாற்றுகிற ஒரு துண்டு வயர் கடையில் கிடைக்கும், தயவுசெய்து அதை வாங்காதீர்கள். ஒரு சாட்டா இணைப்பு 54 வாட்டுக்கு மேல் தாங்காது, 6 பின் 75 வாட் வரை கேட்கும், பிளாஸ்டிக் உருகிவிடும். அந்த மாதிரிப் பெட்டிக்குத் தனி வயர் தேவைப்படாத, உயரம் குறைந்த ஜிடிஎக்ஸ் 1650 மாதிரிக் கார்டுதான் பொருந்தும். அதுவும் ஸ்லொட்டிலிருந்தே 75 வாட் எடுக்கும் என்பதால், பெட்டியின் பவர் சப்ளை எத்தனை வாட் என்று பார்த்துவிட்டே வாங்குங்கள்.

லேபலில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். உள்ளே வருகிற மின்சாரம் 200-240 வோல்ட் என்று போட்டிருக்கிறதா, 100-240 என்றா? லைனின் கடைசியில் இருக்கிற தோட்டங்களில் மாலையில் எல்லோரும் அடுப்பு, ஹீட்டர் போடுகிற நேரம் பல்ப் மங்குகிறதே, அந்த நேரத்தில் முதல் வகை பட்டென்று அணைந்துவிடும், பையன் கார்ட் பழுது என்று நினைத்துக்கொண்டு கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவான். இரண்டாவது வகை தாங்கும். கேசிங்கைத் தொட்டால் சுரீரென்று ஷாக் அடிக்கிற வீடு என்றால் அங்கே எர்த் சரியில்லை, பழைய லயங்களில் இது சாதாரணம். முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைச் சரி செய்யுங்கள், கார்ட் பிறகு. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்து இடி மழைக்கு பிளக்கைக் கழற்றிவிடுவதும் கட்டாயம். மின்னல் அடித்ததற்கு வொரண்டி கிடைக்காது.

விறகு அடுப்பு இருக்கிற வீட்டில் கணினியும் பக்கத்து அறையில் இருந்தால், கரி எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து கார்டின் சூட்டை வெளியேற்றுகிற தகடுகளில், ஹீட்சிங்கில், அப்பிவிடும். சூடாகி வேகம் குறைந்த பழைய கார்டை தண்ணீர் படாமல் நன்றாகத் தூசி தட்டித் துடைத்து, புதிய தேர்மல் பேஸ்ட் போட்டால் மீண்டும் பழைய வேகத்துக்கு வரும். நுவரெலியாக் குளிரில் கார்ட் சூடாகிறது என்றாலே தூசியைச் சந்தேகப்படுங்கள்.

ஒரே பெயரில் வேறு வேறு சரக்கு விற்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. ஆர்டிஎக்ஸ் 3060 என்றால் 12 ஜிபியும் உண்டு, 8 ஜிபியும் உண்டு, எட்டில் மெமரி பாதையும் ஒடுக்கம், வேகமும் குறைவு. 5060 டிஐயும் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டியும் 8, 16 என்று இரண்டிரண்டாக வருகின்றன. ஜிடி 1030-இல் டிடிஆர்4 போட்டது ஒன்று இருக்கிறது, மெமரி வேகம் ஜிடிடிஆர்5 போட்ட மற்றதில் மூன்றில் ஒரு பங்குதான். ஆர்எக்ஸ் 580-இல் 2048எஸ்பி என்று சின்னதாக எழுதியிருந்தால் அது குறைத்த சிப். இன்டெல் ஆர்க் பி580 12 ஜிபியோடு 249 டொலருக்கு வந்த நல்ல கார்ட், ஆனால் மதர்போர்டில் ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் புரொசசர் ஒரே தடவையில் எட்ட விடுகிற வசதி) இல்லையென்றால் அதன் வேகம் பாழ். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டிக்கு மதர்போர்டோடு பேசும் பாதை நான்கு லேன்தான், மூன்றாம் தலைமுறை பிசிஐ போர்டில் போட்டால் இன்னும் சுருண்டுவிடும். பில்லில் கார்டின் பெயரோடு எத்தனை ஜிபி, எந்த மாடல் என்று முழுமையாக எழுதி வாங்குங்கள். இன்றைக்குப் புதிதாக வாங்குகிறவர், சின்ன ஒபிஸ் பெட்டிக்காரரைத் தவிர, 8 ஜிபிக்குக் கீழே போகவே கூடாது, பெரிய கேம்களுக்கு என்றால் 12 அல்லது 16 என்பதுதான் என் கருத்து.

பழைய கார்ட் வாங்குவது தவறு இல்லை, சோதிக்காமல் வாங்குவதுதான் தவறு. 2022 செப்டம்பரில் எதீரியம் மைனிங், அதாவது கார்டுகளை ஓட்டி டிஜிட்டல் நாணயம் சம்பாதிக்கிற வேலை, நின்ற பிறகு இரவு பகலாக ஓடிய கார்டுகள் உலகம் முழுக்கச் சந்தைக்கு வந்தன, அவற்றில் நல்லதும் உண்டு. வாங்குகிற இடத்திலேயே செருகி, கார்டை முழுப் பளுவில் ஓட்டிச் சோதிக்கிற ஃபர்மார்க்கை இருபது நிமிடமாவது ஓடவிட்டு, கோடு, புள்ளி வருகிறதா, ஃபேன் சத்தம் போடுகிறதா என்று பாருங்கள். ஜிபியூ-இசட் என்ற சின்ன மென்பொருளையும் பென் டிரைவில் கொண்டுபோங்கள், கார்டுக்குள் இருக்கிற பயோஸ் மென்பொருளை மாற்றி 1050 டிஐ என்று காட்டுகிற பழைய சிப்களை அது போலி என்றே பெயருக்கு முன்னால் எழுதிக் காட்டும். சோதிக்க விடாத ஆளிடம் வாங்க வேண்டாம்.

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் இரண்டாயிரம், மூவாயிரம் குறைவு என்று இறங்கிப்போய் வாங்குகிறவர்களும் யோசிக்க வேண்டும். பழுதானால் ஒரு நாள் வேலையையும் பஸ் காசையும் விட்டுத் திரும்ப அங்கேதான் போக வேண்டும், சில நேரம் இரண்டு தடவை. கண்டியிலோ ஹட்டனிலோ பில் போட்டுத் தருகிற கடைக்குக் கொஞ்சம் கூடக் கொடுப்பது லாபம். வொரண்டி ஒரு வருடம் என்று சொல்லிவிட்டுக் கீழே 350 நாள் என்று அச்சடித்த பில்லும் உண்டு, படித்துப் பாருங்கள்.

சரி, பொறுப்பவர்கள் செய்கிற தவறு? எதற்காகப் பொறுக்கிறோம் என்று தெரியாமல் பொறுப்பது. அடுத்த மொடல் வந்தால் இது விலை இறங்கும் என்பது அமெரிக்காவில் சரியாக இருக்கலாம். இங்கே கடைக்காரர் எந்த டொலர் விலையில் இறக்கினாரோ அதற்குக் கீழே விற்கமாட்டார். 2022-இல் டொலர் 200-லிருந்து 360 வரை போனபோது பொறுத்தவர்களின் கையிலிருந்த காசு பாதிக் கார்டுக்குத்தான் போதுமானதாக இருந்தது. 2025 கடைசியிலிருந்து ஏஐ கம்பெனிகள் மெமரி சிப்களை அள்ளிக்கொண்டு போவதால் ரேம் விலையும் ஏறியது, கார்டிலும் அதே கம்பெனிகளின் மெமரி சிப்கள்தான் இருக்கின்றன. ஆகவே பொறுப்பது என்றால் ஒரு காரணமும் ஒரு மாதமும் சொல்லத் தெரிய வேண்டும்: போனஸ் வருகிறது, பரீட்சை முடிகிறது, அறிவித்த கார்ட் கடைக்கு வருகிறது, இப்படி.

டிரைவர் நின்றுவிட்டது என்று பயந்து மாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். ஜிடிஎக்ஸ் 900, 10 வரிசைகளுக்கு என்விடியா 2025 ஒக்டோபரோடு புதிய கேம் டிரைவர்களை நிறுத்தியது உண்மை, ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் 2028 ஒக்டோபர் வரை வரும். 1060 6 ஜிபி வைத்துக்கொண்டு ஜிடிஏ 5, டோட்டா விளையாடுகிறவருக்கு எந்த அவசரமும் இல்லை.

உங்கள் புரொசசர் பழைய ஐ5 என்றால் கார்டை விட்டுவிட்டு, போர்ட், புரொசசர், ரேம் மூன்றுக்கும் சேர்த்துக் காசு சேருங்கள். ஐயாயிரம் வரிசை ரைசனோ பத்தாம் தலைமுறைக்கு மேற்பட்ட ஐ5-ஓ இருந்து, 4 ஜிபி கார்ட் சோதனையில் இழுபட்டால் பொறுக்கவே தேவையில்லை, பவர் சப்ளையோடு சேர்த்து இப்போதே மாற்றலாம். கலியாண வீடியோ எடிட் பண்ணிப் பிழைக்கிறவர் டாவின்சி ரிசோல்வ் பாவித்தால் அவருக்கும் அதேதான், அந்த மென்பொருள் கார்டைத்தான் நம்பியிருக்கிறது. ஃபோட்டோஷொப்பில் அல்பம் மட்டும் செய்கிறவர் அந்தக் காசில் ரேமும் எஸ்எஸ்டியும் போடட்டும்.